தருமபுரி, கிருஷ்ணகிரி எவ்வளவு தாங்கும்? கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய சிப்காட், புதிய மனைப்பிரிவு, விமான நிலையம் என்று ஏதாவது அறிவிப்பு வந்தால் நம் பக்கம் இரண்டு பேச்சு உடனே கிளம்பும். "இவ்வளவு நிலம் சும்மாதானே கிடக்கிறது, வரட்டும்" என்று ஒரு தரப்பு. "இருக்கிற தண்ணீரே போதவில்லை, இதுவும் வந்தால் ஊரே காலி" என்று மறு தரப்பு. இரண்டுமே கணக்குப் பார்க்காத பேச்சு.

ஒரு பகுதியின் நிலம், நீர், காடு, கழிவை உள்வாங்கும் சக்தி ஆகியவை எவ்வளவு மக்களுக்கும் தொழிலுக்கும் ஈடுகொடுக்கும் என்று பார்ப்பதுதான் தாங்குதிறன் மதிப்பீடு. கல்லூரி மாணவர்கள் இதை ஆய்வாகச் செய்கிறார்கள். சில ஊர்களில் இளைஞர் குழுக்களும் ஊராட்சிகளும் செய்து பார்க்கின்றன. நல்ல முயற்சி. ஆனால் தொடக்கத்தில் விழும் சில தவறுகள் கடைசி வரி வரைக்கும் கணக்கைத் திருப்பிவிடுகின்றன. நம் இரண்டு மாவட்டங்களை வைத்தே அவற்றைப் பார்ப்போம்.

மாவட்ட சராசரியை நம்புவது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரியில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 335 பேர், கிருஷ்ணகிரியில் சுமார் 365 பேர். மாநில சராசரி 555. இதை வைத்து "இன்னும் நிறைய இடம் இருக்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். தருமபுரியின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடு. அதைக் கழித்துவிட்டால் 335 என்பது 500-ஐத் தாண்டிவிடும். மாநில சராசரியிலும் காடு சேர்ந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் காட்டின் பங்கு எல்லா மாவட்டத்திலும் இதே அளவு கிடையாது.

அதைவிடப் பெரிய சிக்கல், மாவட்டம் என்ற அலகே. ஓசூரையும் அஞ்செட்டியையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைக்கும் எண் இரண்டு ஊருக்கும் பொருந்தாது. ஓசூரில் வாடகை வீடு கிடைப்பதே பாடு. அஞ்செட்டி மலைக் கிராமத்திலோ ஒரு குடம் தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடப்பது என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டில் நிலத்தடி நீரைப் பிர்கா (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த அலகு) வாரியாக மதிப்பிட்டு, பாதுகாப்பானது, ஓரளவு அபாயமானது, அபாயமானது, அதிகம் உறிஞ்சப்பட்டது என்று வகைப்படுத்துகிறார்கள். ஆண்டுக்கு ஊறுவதில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பு, 100 சதவீதத்தைத் தாண்டினால் அதிகம் உறிஞ்சப்பட்டது. நம் இரண்டு மாவட்டத்திலும் இந்தக் கடைசி வகையில் பல பிர்காக்கள் உள்ளன. ஆகவே கணக்கைப் பிர்காவிலிருந்து தொடங்குங்கள். முடிந்தால் இன்னும் கீழே, ஏரி வாரியாக, ஓடை வாரியாக இறங்குங்கள்.

ஆண்டு மழையை முழுசாக வரவில் வைப்பது

இங்கே ஆண்டு மழை சராசரியாகச் சுமார் 850 மி.மீ. பார்ப்பதற்கு மோசமில்லை. ஆனால் அந்த மழை எப்படி வருகிறது? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. ஆண்டு சராசரியில் பாதிக்கு மேல் இருபத்து நான்கு மணி நேரத்தில் வந்து, ஏரிக்கரைகளைத் தாண்டி, பேருந்து நிலையத்தருகே நின்ற வண்டிகளையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தத் தண்ணீரை அந்த வருடத்து வரவில் அப்படியே எழுதினால் கணக்கு கொழுத்துத் தெரியும், மே மாதத்தில் குழாய் காய்ந்திருக்கும். இன்னொரு முனையில் 2016. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்க 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. தாங்குதிறனை அந்த மாதிரி ஆண்டின் கோடைக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மக்கள் சராசரி ஆண்டில் மட்டும் குடியிருப்பதில்லை.

பாறைக்கு அடியில் கடல் இருப்பதாக நினைப்பது

இதுதான் எனக்கு அதிகம் கவலை தரும் தவறு, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் கடினப் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் மாவட்டங்கள். மேலே சிதைந்த பாறை அடுக்கிலும் கீழே வெடிப்புகளிலும் மட்டும்தான் நீர் தங்கும். இத்தகைய பகுதியில் பெய்யும் மழையில் 5 முதல் 11 சதவீதம் வரைதான் நிலத்தடிக்குப் போவதாக எடுத்துக்கொள்வது வழக்கம். 10 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் 850 மி.மீ. மழை என்றால் சுமார் 34 லட்சம் லிட்டர். அதில் உள்ளே இறங்குவது 3.4 லட்சம் லிட்டர்.

சரி, செலவுப் பக்கம் வருவோம். கிராமத்தில் ஒருவருக்கு நாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. ஆண்டுக்கு ஒருவருக்கு 20,000 லிட்டர் சொச்சம். அப்படியானால் ஒரு ஏக்கரில் இறங்கும் நீர் 17 பேரின் வீட்டுத் தேவைக்குப் போதும். ஆகா, எவ்வளவு பேர் வேண்டுமானாலும் தாங்குமே என்று தோன்றும். இப்போது அதே போர்வெல்லில் ஒரு ஏக்கர் நெல் வைத்துப் பாருங்கள். ஒரு போகத்துக்கு 1,200 மி.மீ. தண்ணீர் என்று கொண்டால் சுமார் 48 லட்சம் லிட்டர். 14 ஏக்கரில் ஊறிய நீர் ஒரு ஏக்கர் நெல்லுக்குப் போகிறது. வயலில் கசிந்து மறுபடி கீழே இறங்கும் பங்கு ஒன்று உண்டு. அதைத் தாராளமாகக் கழித்தாலும் பல ஏக்கரின் ஊற்று அது. வேறு மாதிரி சொன்னால், அந்த ஒரு போகம் கிட்டத்தட்ட 240 பேரின் ஓராண்டு வீட்டுத் தண்ணீர்.

தலைகளை மட்டும் எண்ணுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். எத்தனை பேர் என்பதைவிட, என்ன பயிர், என்ன தொழில் என்பதுதான் இங்கே பாரத்தைத் தீர்மானிக்கிறது. இதனால் நெல் போடும் விவசாயி மேல் பழி போடக் கூடாது. கேழ்வரகுக்கு விலையும் வாங்க ஆளும் இருந்தால் அவர் மானாவாரியில் அதைத்தான் போட்டிருப்பார். 2023-இல் தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். உணவுத் திட்டம் மாதிரித் தெரிந்தாலும், என் கண்ணுக்கு அது நீர்த் திட்டமும்கூட. இப்படிப் பயிர் மாறினால் தாங்குதிறனும் மாறும். கணக்கில் அதற்கு ஒரு வரிசை இருக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரே தண்ணீரை இரண்டு முறை எண்ணுவது. ஏரித் தண்ணீர் ஒரு வரவு, ஏரிக்குக் கீழே இருக்கும் கிணறுகள் இன்னொரு வரவு என்று எழுதுவார்கள். கிணற்றில் ஊறுவதே ஏரித் தண்ணீர்தான். அப்புறம் "ஆயிரம் அடியில் தண்ணீர் கிடைத்தது" என்பதைப் புது வரவாகச் சேர்ப்பார்கள். ஆழத்து வெடிப்பில் இருப்பது வங்கியில் போட்ட பழைய சேமிப்பு மாதிரி. எடுத்தால் குறையும், அது மாதச் சம்பளம் ஆகாது.

அளவு பார்த்து, தரம் பார்க்காமல் விடுவது

குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் மாவட்டங்களில் ஏராளமான போர்வெல்கள் அதைத் தாண்டியவை. கறைபடிந்த பல்லும் மடக்க முடியாத முழங்காலும் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பார்க்காதவர் குறைவு. அந்தத் தண்ணீரை வரவில் எழுதினால், குடிக்கக் கூடாததைக் குடிநீராகக் காட்டுகிறோம் என்று அர்த்தம்.

அதற்காக வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் கடனுதவியுடன், 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. இரண்டு மாவட்டத்துக்கும் அது பெரிய வரம். ஆனால் "ஒகேனக்கல் தண்ணீர் இருக்கிறது, இனிக் கவலை இல்லை" என்று மதிப்பீட்டை முடிப்பது தவறு. அது காவிரித் தண்ணீர். கர்நாடகத்தில் மழை பொய்த்தால் இங்கும் குறையும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஒகேனக்கல்லோ பள்ளத்தாக்கில். ஒவ்வொரு சொட்டும் மின்சாரத்தால் மேலே ஏறுகிறது. வெளியிலிருந்து வரும் நீரைத் தனி வரிசையில் எழுதி, அது பாதியாகக் குறைந்தால் என்ன ஆகும் என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

தென்பெண்ணையும் அப்படித்தான். ஓசூர் அருகே உள்ள கெலவரப்பள்ளி அணைக்கு வருவதில் பெரும் பங்கு பெங்களூரின் கழிவுநீர் கலந்த தண்ணீர். மழை பெய்து மதகு திறந்தால் வெள்ளை வெளேரென்று நுரை பாலத்தளவுக்கு எழும்பி நிற்கும். காற்றடித்தால் பஞ்சு போலப் பிய்ந்து வயலில் விழும், வாடை ஊருக்குள் வரும். இந்த வரவுக்கு இரட்டை ஆபத்து இருக்கிறது. பெங்களூர் சுத்திகரிக்காமல் விட்டால் தரம் போச்சு. சுத்திகரித்து அவர்களே வேறு பக்கம் திருப்பிக்கொண்டால் அளவு போச்சு. ஏற்கெனவே அங்கே சுத்திகரித்த நீரைக் கோலார் ஏரிகளுக்குக் கொண்டுபோகிறார்கள்.

நாமும் கீழே இருப்பவர்களுக்கு இதையேதான் செய்கிறோம். நகரத்தில் ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் கொடுத்தால், அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. ஓசூரில் இன்னும் ஒரு லட்சம் பேர் சேர்ந்தால், நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேல் கழிவுநீர். அது போய்ச் சேரும் தென்பெண்ணையில்தான் கிருஷ்ணகிரி அணை இருக்கிறது. சுமார் 9,000 ஏக்கர் அதை நம்பியிருக்கிறது. அதற்கும் கீழே சாத்தனூர் அணை. வரும் தண்ணீருக்குக் கணக்கு வைத்துவிட்டு, போகும் தண்ணீருக்கு வைக்காத மதிப்பீடு பாதி மதிப்பீடு.

யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்காமல் விடுவது

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் இன்னமும் 2011 எண்ணையே எல்லோரும் வளர்ச்சி விகிதத்தால் பெருக்குகிறார்கள். பென்னாகரம், அரூர் பக்கத்துக் குடும்பங்களின் ரேஷன் அட்டை ஊரில் இருக்கும், ஆட்கள் பெங்களூர் கட்டட வேலையிலோ திருப்பூரிலோ இருப்பார்கள். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊர் நிறையும். ஓசூரிலோ நேர் எதிர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து ஒரே அறையில் பலர் தங்கி ஷிப்டு வேலை பார்ப்பவர்கள் எந்த உள்ளூர்ப் பட்டியலிலும் இல்லை. தண்ணீர் குடிப்பது, கழிவறை போவது, ஷேர் ஆட்டோ ஏறுவது எல்லாம் அவர்களும்தான். மின் இணைப்பு எண்ணிக்கை, பள்ளிச் சேர்க்கை, தொழிற்சாலைப் பேருந்துகள் என்று வேறு தடயங்களோடு ஒப்பிடாமல் மக்கள்தொகையை எழுதக் கூடாது.

ஒவ்வொரு திட்டத்தையும் தனியாகப் பார்ப்பது

போச்சம்பள்ளியில் ஒரு மின்வாகன ஆலை, கெலமங்கலம் பக்கம் ஒரு மின்னணு ஆலை, சூளகிரியில் சிப்காட், ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடி பயணிகளுக்கு விமான நிலையம் என்று 2024-இல் வந்த அறிவிப்பு. தனித்தனியாக அறிக்கை எழுதினால் எல்லாமே தாங்கும் என்றுதான் வரும். ஒவ்வொன்றும் அதே ஆற்றையும் அதே பிர்காவையும் தனக்கே உரியதுபோல் காட்டும். எல்லாத் திட்டத்தின் தேவையையும் ஒரே தாளில் கூட்டுங்கள். ஆலைக்குள் செலவாகும் நீரோடு, வேலைக்கு வருபவர்களின் வீடு, பள்ளி, சந்தை, குப்பை எல்லாவற்றையும் அதே தாளில் சேருங்கள். வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கேயே வேலை கிடைத்தால் பெங்களூர் வண்டி ஏறும் பிள்ளைகள் வீட்டோடு இருப்பார்கள், அதற்கு ஈடு கிடையாது. எந்த ஆலை எந்த இடத்தில், எந்தத் தண்ணீரில் என்று கேட்கத்தான் இந்தக் கணக்கு.

"தரிசு" என்று எழுதியிருப்பதை வெறும் நிலம் என்று எடுத்துக்கொள்வது

வருவாய்ப் பதிவில் தரிசு, மேய்ச்சல் புறம்போக்கு என்று இருக்கும் இடங்களில்தான் ஆடும் மாடும் மேய்கின்றன. ஆலம்பாடி மாட்டினம் உருவானதே காட்டோர மேய்ச்சலில்தான். ஓசூர்க் கோட்டத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. மழைக்காலம் முடியும் தறுவாயில், கேழ்வரகு முற்றும் நேரத்தில், கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டுப் பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாகத் தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வரைக்கும் வருகின்றன. வழியை அடைத்து வீட்டுமனை போட்டால் யானை திரும்பிப் போய்விடாது, அடுத்த கிராமத்து வயலில் இறங்கும். உயிர்ச்சேதம் இரண்டு பக்கமும் நடக்கிறது. யானை போகும் தடத்தில் ஒரு வீடு கட்டவும் இடமில்லை என்றுதான் நிலக் கணக்கில் வர வேண்டும்.

கடைசியில் ஒற்றை எண்ணைச் சொல்வது

இவ்வளவும் பார்த்த பிறகு "இந்த வட்டம் இத்தனை பேரைத் தாங்கும்" என்று ஒரே எண்ணை, அதுவும் கடைசி இலக்கம் வரை, எழுதிவிடுவார்கள். பத்திரிகைக்கு வசதி, ஊருக்கு உதவாது. மழையில் இறங்கும் பங்கை 5 என்று வைத்தால் ஒரு விடை, 11 என்று வைத்தால் இரண்டு மடங்குக்கு மேல் இன்னொரு விடை. நெல் பரப்பு, ஒகேனக்கல் வரத்து, கழிவுநீர் மறுபயன்பாடு ஒவ்வொன்றுக்கும் இப்படித்தான். இன்ன நிலைமையில் இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று எழுதுங்கள். எந்தப் பொருள் முதலில் தீரும், எந்த மாதத்தில், எந்தப் பிர்காவில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். திட்டம் போடுபவருக்குத் தேவைப்படுவது அந்த வரிதான்.

எண்களைச் சரிபார்க்க மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஆபரேட்டரைக் கேளுங்கள். முன்பு எத்தனை மணி நேரத்தில் தொட்டி நிரம்பியது, இப்போது எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த மாதம் மோட்டார் காற்று இழுத்தது, போர்வெல் போடும் ரிக் வண்டி கடைசியாக எப்போது வந்தது, எத்தனை அடி என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். ஊராட்சியின் மின் கட்டண ரசீதுகளை வரிசையாக வைத்தாலே நீர்மட்டம் இறங்கிய கதை பாதி தெரிந்துவிடும். போட்ட கணக்கைக் கிராம சபையில் வாசியுங்கள். மார்ச் 22, உலக தண்ணீர் தினச் சபை இதற்குத் தோதானது. கோடை அப்போதுதான் தொடங்கும், எந்த ஏரி எவ்வளவு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும், தவறாக எழுதிய வரியை அங்கேயே எழுந்து திருத்துவார்கள். 2027 கணக்கெடுப்பு எண்கள் வந்ததும் மக்கள்தொகை வரிசையை மாற்றி, அதே தாளை மறுபடி வாசிக்கலாம்.