ஸ்பிரிங் பூட் 3, ஹைபர்நேட் 6: மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் புதிதாகச் சேர்ந்த இருவர் ஒரு பழைய ஸ்பிரிங் பூட் 2 திட்டத்தை 3-க்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்பிரிங் பூட் என்பது ஜாவாவில் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பு. அதோடு வரும் ஹைபர்நேட், ஜாவா வகுப்புகளைத் தரவுத்தள அட்டவணைகளோடு இணைக்கும் லைப்ரரி. 3-க்கு ஏறினால் ஹைபர்நேட்டும் 5-இலிருந்து 6-க்கு மாறும். பின்னால் நின்று பார்த்தேன். நான் விழுந்த அதே குழிகள், ஏறக்குறைய அதே வரிசையில். ஜாவா 17 வேண்டும், முதலில் 2.7-க்கு வந்துவிட்டுத்தான் 3-க்குத் தாவ வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கண்ணில் பட்ட 'ஜாவாக்ஸ்' எல்லாவற்றையும் மாற்றுவது

நிறுவனச் செயலிகளுக்கான ஜாவாத் தொகுதியான ஜாவா இஇ, எக்லிப்ஸ் அறக்கட்டளையின் கைக்குப் போனாலும் 'ஜாவா' என்ற பெயரின் உரிமை ஆரக்கிளிடமே நின்றுவிட்டது. அதனால்தான் 'ஜாவாக்ஸ்.பெர்சிஸ்டென்ஸ்' என்ற நிரல் தொகுப்பின் பெயர் இன்று 'ஜகார்த்தா.பெர்சிஸ்டென்ஸ்'. ஆனால் 'ஜாவாக்ஸ்.எஸ்க்யூஎல்', 'ஜாவாக்ஸ்.கிரிப்டோ' போன்றவை ஜாவாவுக்குள்ளேயே இருப்பவை. அவற்றின் பெயர் மாறவில்லை. ஒரே வீச்சில் மாற்றினால் அவையும் அடிபடும். கவனமாக மாற்றிய பிறகும் பழைய 'என்டிட்டி' வகுப்பைக் காணோம் என்று பிழை வந்தால், உங்கள் நிரலைக் குடையாதீர்கள். சார்பு லைப்ரரிகளில் ஏதோ ஒன்று இன்னும் பழைய பதிப்பிலேயே இருக்கிறது.

ஹைபர்நேட் பதிப்பை நீங்களே எழுதுவது

வேண்டாம். ஸ்பிரிங் பூட் பார்த்துக்கொள்ளும். இப்போது லைப்ரரியைச் சுட்டும் குழுப் பெயரும் 'ஆர்க்.ஹைபர்நேட்.ஓஆர்எம்' என்று மாறிவிட்டது. பழைய வரி ஒன்று மிச்சமிருந்தால், லைப்ரரிகளை இறக்கித் தரும் மேவன் இரண்டையும் வேறு வேறு லைப்ரரி என்று நினைத்து உள்ளே இழுத்துவிடும்.

சீக்வென்ஸ் பிழையின் வாயை அடைப்பது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. செய்தவன் நானே என்பதால் கூடுதல் எரிச்சல்.

சீக்வென்ஸ் என்பது புதிய பதிவுகளுக்கு வரிசையாக எண் தரும் தரவுத்தள எண்ணி. ஹைபர்நேட் 5-இல் நாம் பெயர் எதுவும் சொல்லாவிட்டால், எல்லா அட்டவணைகளும் 'ஹைபர்நேட்_சீக்வென்ஸ்' என்ற ஒரே சீக்வென்ஸிலிருந்து எண் வாங்கும். 6-இல் ஒவ்வொரு என்டிட்டியும் (ஓர் அட்டவணைக்கு இணையான ஜாவா வகுப்பு) தன் பெயரோடு '_சீக்' சேர்த்துத் தனி சீக்வென்ஸைத் தேடுகிறது. எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸில் அது இல்லை, செயலி எழவில்லை. பழைய பெயரை மேப்பிங்கில் (வகுப்பை அட்டவணையோடு இணைக்கும் குறிப்பில்) எழுதினேன். அடுத்த பிழை: சீக்வென்ஸ் ஒவ்வொரு முறையும் ஏறும் அளவு மேப்பிங்கில் 50, தரவுத்தளத்தில் 1, இரண்டும் பொருந்தவில்லை. எவ்வளவு நேர்மையான பிழை! நான் என்ன செய்தேன்? அந்தச் சோதனைக்கான அமைப்பைத் தேடிப்பிடித்து 'நன்', அதாவது 'எதுவும் செய்யாதே', என்று போட்டேன். செயலி எழுந்தது. காலித் தரவுத்தளத்தில் ஓடிய சோதனைகள் எல்லாம் பச்சை. வீட்டுக்குப் போய்விட்டேன்.

நடந்தது இதுதான். சீக்வென்ஸ் 84,214 என்று ஓர் எண்ணைக் கொடுக்கிறது. ஹைபர்நேட் அதை ஐம்பது எண்கள் கொண்ட கட்டின் கடைசி எண்ணாக எடுத்துக்கொண்டு, 84,165-இலிருந்து வழங்கத் தொடங்குகிறது. கடைசி ஒன்றைத் தவிர அத்தனையும் ஏற்கெனவே வழங்கப்பட்டவை. உடனே எல்லாமே உடைந்திருந்தால் பிழைத்திருப்பேன். உடையவில்லை. பழைய சீக்வென்ஸ் பொதுவானது அல்லவா? 84,165 ஓர் ஆர்டருக்குப் போயிருக்கும், 84,166 ஒரு பில்லுக்கு. புதிய ஆர்டருக்கு 84,166 கிடைத்தால் ஆர்டர் அட்டவணையில் அந்த இடம் காலி, சத்தமில்லாமல் பதிவாகிவிடும். 84,165 என்றால் மோதும். மறுபடி அழுத்தினால் அடுத்த எண், வேலை நடந்துவிடும். மூன்று நாள் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

நான்காம் நாள் ஒரு வாடிக்கையாளர் தன் ஆர்டரைத் திறந்தார். இன்னொருவருடைய பில் வந்தது. எண் எங்கும் திரும்ப வராது என்ற நம்பிக்கையில், இணைப்புக் கோப்புகளை வெறும் எண்ணையே பெயராகக் கொண்ட கோப்புறைகளில் வைத்திருந்தோம். பிரித்தெடுக்க ஒரு வாரம் ஆனது. அத்தனையும் கைவேலை.

பழைய சீக்வென்ஸே போதும் என்றால், அதன் பெயரோடு 'அலொகேஷன்சைஸ்' (ஒரு கட்டில் எத்தனை எண்கள் என்பது) 1 என்றும் எழுதுங்கள். எழுதாவிட்டால் அது 50. தனித்தனி சீக்வென்ஸ் வேண்டுமென்றால் 50-50ஆக ஏறும்படி உருவாக்குங்கள். அங்கேயும் ஒரு குழி உண்டு: அட்டவணையின் மிகப் பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டித் தொடங்கினால் போதாது. வருவது கட்டின் கடைசி எண் என்பதால் குறைந்தது 50 கூட்ட வேண்டும். நான் 1,000 கூட்டுகிறேன். இடையில் எண்கள் விடுபட்டால் யாருக்கும் நட்டமில்லை.

டயலெக்ட் வரி

எந்தத் தரவுத்தளத்தின் மொழியில் பேச வேண்டும் என்று ஹைபர்நேட்டுக்குச் சொல்லும் அமைப்பு வரி இது. அழித்துவிடுங்கள். ஹைபர்நேட் தானே கண்டுபிடிக்கும்.

முகவரியின் கடைசிச் சாய்கோடு

ஸ்பிரிங் பூட் 3-க்கு அடியில் உள்ள ஸ்பிரிங் 6-இல் சாய்கோட்டோடு முடியும் முகவரியும் இல்லாத முகவரியும் இயல்பாகவே வேறு வேறு. முன்பு இரண்டும் ஒன்றாகவே பொருந்தின. எங்கள் கைபேசிச் செயலியில் ஒரே ஒரு முகவரிதான் சாய்கோட்டோடு இருந்தது. உள்நுழைவு முகவரி.