மா, தேசி (எலுமிச்சை) மரங்களுக்கு மருந்து அடிக்க முதுகு மெசின்

முதலில் மரத்தின் உயரத்தைப் பாருங்கள். தேசி, மாதுளை, ஒட்டு மாங்கன்றுகளுக்கு முதுகில் மாட்டிக் கையால் அடிக்கும் 16 லீற்றர் மெசின் போதும். யாழ்ப்பாணத்தின் தென்மராட்சிப் பக்கத்துப் பெரிய மாமரங்களுக்கு அதை எக்கி எக்கி அடித்தால் மருந்து உங்கள் தலையில்தான் விழும். அவற்றுக்கு எஞ்சின் பூட்டிய காற்று மெசின் வேண்டும். இல்லாவிட்டால் காய் பறித்த கையோடு கொப்பு வெட்டி மரத்தின் உயரத்தைக் குறைக்க வேண்டும். நிரம்பிய 16 லீற்றர் தாங்கி 20 கிலோவுக்குக் கிட்ட வரும். ஆகவே கடையில் தண்ணீர் நிரப்பித் தோளில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

தாங்கியைவிட, மருந்தை விசிறும் நுனியான நொசில்தான் முக்கியம். பூச்சிக்குக் கூம்பாக விசிறும் நொசில், களைக்குத் தட்டையாக விசிறுவது. களைநாசினிக்குத் தனி மெசின் வையுங்கள். குழாயில் தங்கும் மிச்சமே தளிரைக் கருக்கிவிடும். நொசில் தேய்ந்ததா என்று அறிய, ஒரு நிமிடம் வாளிக்குள் விசிறி அளந்து பாருங்கள். புதிது 600 மி.லீ. தந்த இடத்தில் பழையது 660ஐத் தாண்டினால் மாற்றிவிடுங்கள். தேய்ந்த நொசில் பெருந்துளியாகக் கொட்டும், இலையில் ஒட்டாது.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். காய்ந்தால் வடியிலும் நொசிலிலும் வெள்ளையாகப் படிந்து அடைக்கும். அடைத்தால் வாயால் ஊதாதீர்கள், கம்பியால் குத்தாதீர்கள். நன்றாகக் கழுவி, வினாகிரியில் ஊறவிட்டு, மென்மையான பிரசால் தேயுங்கள். இந்தத் தண்ணீரில் சில மருந்துகள் நேரம் போகப் போக வீரியம் இழக்கும். அன்றைக்கு அடிக்கும் அளவை மட்டும் கலக்குங்கள். எவ்வளவு தேவையென்பது, முதலில் வெறுந்தண்ணீரை ஒரு மரத்துக்கு அடித்துப் பார்த்தால் தெரியும். லேபிளில் 10 லீற்றருக்கு 10 மி.லீ. என்றிருந்தால் தாங்கிக்கு 16 மி.லீ.; போத்தல் மூடியால் அளக்கக்கூடாது. தூள் மருந்தைச் சிறு வாளியில் கூழாகக் கரைத்து, பாதி நிரம்பிய தாங்கிக்குள் வடித்து ஊற்றி, பிறகு நிரப்புங்கள்.

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் விடியக்காலையே அடித்து முடியுங்கள், காற்று முதுகுப் பக்கம் இருக்கட்டும். இலையின் அடிப்பக்கத்துக்குக் கீழிருந்து மேலாக விசிறி, சொட்டத் தொடங்குமுன் நிறுத்துங்கள். பூவின் சாற்றை உறிஞ்சும் மாம்பூத் தத்திப் பூச்சிக்குப் பூ விரியுமுன் அடிப்பதே சரி. விரிந்த பூவில் அடித்தால் தேனீ சாகும், காயும் குறையும். சாரத்தோடும் வெறும் மேலோடும் அடிக்கவே கூடாது. நீளக் கைச்சட்டை, காற்சட்டை, கையுறை, கண்ணாடி, பூட்ஸ், லேபிள் சொல்லும் முகமூடி எல்லாம் வேண்டும்.

கைபிடியை அடித்தும் அமுக்கம் ஏறாவிட்டால் வாசர் தேய்ந்திருக்கும், அல்லது வால்வில் மண் சிக்கியிருக்கும்.

கிணற்றடியில் கலக்கவும் கழுவவும் வேண்டாம். சுண்ணக்கல் வெடிப்பு வழியே மருந்து விரைவாகக் குடிதண்ணீரில் சேரும். மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரை அடித்த மரங்களுக்கே விசிறுங்கள். பிறகு நொசிலைக் கழற்றி, தாங்கியைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள்.