முதல் ரோபோ கார்: நிரலுக்கு முன்னால் பேட்டரி

நான் செய்த முதல் ரோபோ கார் அரை நொடி ஓடும், நிற்கும், மறுபடி அரை நொடி ஓடும். விக்கல் எடுத்தது போல இருக்கும். இரண்டு நாள் உட்கார்ந்து நிரலை வரி வரியாகத் துருவினேன். அதில் ஒரு பிழையும் இல்லை. வில்லன், நான் மாட்டியிருந்த 9 வோல்ட் செவ்வக பேட்டரி. அதனால்தான் இந்த விளக்கத்தில் நிரலைவிட மின்சாரத்துக்கு இடம் அதிகம்.

படி 1: பொருள்கள்

இரண்டு மோட்டார், இரண்டு சக்கரம், தாங்குவதற்கு எந்தப் பக்கமும் உருளும் ஒரு குட்டிச் சக்கரம். இவ்வளவு உள்ள சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) போதும். நான்கு மோட்டார் வண்டி பார்க்கக் கம்பீரமாக இருக்கும்; ஆனால் திரும்பும்போது நான்கு டயரும் தரையைத் தேய்க்கும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். இரண்டு சக்கர வண்டியில் இடதுக்கு ஒரு வேகம், வலதுக்கு ஒரு வேகம் கொடுத்தாலே திரும்பிவிடும். ஸ்டியரிங் வேண்டாம்.

மோட்டாருக்கு, மஞ்சள் உறையில் வரும் டிடி கியர் மோட்டார். மூளைக்கு, நிரலை ஏற்றி ஓட்டும் ஆர்டுயினோ ஊனோ பலகை. நடுவில் எல்298என் டிரைவர் பலகை. கண்ணுக்கு ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார். இவற்றோடு, வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டரும் வாங்குங்கள். அது இல்லாமல் செய்வது இருட்டில் ஊசி கோப்பது மாதிரி.

படி 2: மின்சாரம்

ஊனோவின் ஒரு பின்னிலிருந்து (வயர் மாட்டும் முனை) 20 மில்லிஆம்பியர் வரை எடுப்பதுதான் பாதுகாப்பு. டிடி மோட்டார் சும்மா சுழலவே அதைப்போல் பல மடங்கு கேட்கும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்திலும், சக்கரம் எதிலாவது சிக்கிக்கொள்ளும்போதும் இன்னும் பசி. எனவே மோட்டாரை நேரடியாக ஊனோவில் மாட்டவே கூடாது. டிரைவர்தான் பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்குக் கொடுக்கும். ஊனோ கட்டளை மட்டும் போடும்.

செவ்வக பேட்டரியின் சிக்கல் இதுதான்: வோல்ட் 9 என்று எழுதியிருக்கும், ஆனால் உள்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்சாரத்துக்கு இருக்கும் தடை, அதிகம். மோட்டார் இழுத்ததும் வோல்ட் படுத்துவிடும். வோல்ட் படுத்தால் ஊனோ மயங்கி ரீசெட் ஆகும். ரீசெட் ஆனால் மோட்டார் நிற்கும், வோல்ட் எழும், ஊனோ விழிக்கும், மறுபடி மோட்டாரைச் சுழற்றும். என் வண்டியின் விக்கலுக்குக் காரணம் இந்தச் சுற்றுதான். உங்கள் வண்டியும் இப்படி விக்கினால் நிரலைத் தொடாதீர்கள். மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்துக்கொண்டு மோட்டாரை ஓட விடுங்கள். எண் சரிவதைக் கண்ணால் பார்க்கலாம்.

நான் சொல்வது ரீசார்ஜ் செய்யக்கூடிய ஏஏ நிக்கல் பேட்டரி ஆறு. ஒன்று 1.2 வோல்ட், ஆறும் சேர்ந்து 7.2. எல்298என் பழைய வகை சிப். மோட்டார் ஓடும்போது சுமார் 2 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். மீதி 5 வோல்ட் சொச்சம் மோட்டாருக்குப் போகும், அது அதற்குச் சரியான அளவு. லித்தியம் பேட்டரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும் பொருளை முதல் வண்டியிலேயே வைக்க வேண்டாம்.

ஊனோவுக்குத் தனியாக ஒரு பவர் பேங்க் கொடுங்கள். (சில பவர் பேங்குகள், ஊனோ எடுக்கும் சொற்ப மின்சாரத்தைப் பார்த்து எதுவும் மாட்டவில்லை என்று நினைத்து அணைந்துவிடும். பயப்படாதீர்கள், வேறொன்றை மாட்டிப் பாருங்கள்.)

இரண்டு தனித்தனி சப்ளை வைக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: பேட்டரியின் கழித்தல் முனை, டிரைவரின் கிரவுண்ட், ஊனோவின் கிரவுண்ட் மூன்றும் இணைந்திருக்க வேண்டும். இந்த ஒரு வயர் விட்டுப்போனால் மோட்டார் அசையாமல் கிடக்கும், அல்லது பேய் பிடித்தது போல நடந்துகொள்ளும்.

படி 3: வயர் இணைப்பு

டிரைவரில் ஐஎன்1 முதல் ஐஎன்4 வரை உள்ளவை திசைக்கு. இஎன்ஏ, இஎன்பி வேகத்துக்கு. அந்த இரண்டிலும் குட்டி ஜம்பர் (இரண்டு முனைகளை இணைக்கும் மூடி) மாட்டி வரும். கழற்றினால்தான் வேகத்தை மாற்ற முடியும். வேகத்துக்கு ஊனோவின் 5, 6 பின்களை எடுத்துக்கொள்ளுங்கள். 9, 10 வேண்டாம்: பின்னால் சர்வோ மோட்டார் சேர்க்க ஆசை வரும், அதை ஓட்டும் சர்வோ லைப்ரரி (ஆயத்த நிரல்) வந்ததும் அந்த இரண்டிலும் வேகக் கட்டுப்பாடு போய்விடும்.

படி 4: அந்தரத்தில் ஓட்டம்

வண்டியை ஒரு டப்பாவின் மேல் வைத்து, சக்கரங்கள் தரையைத் தொடாமல் முதல் சோதனையைச் செய்யுங்கள். நேராக மேசையில் விட்டால் கீழே குதித்துவிடும். இரண்டு சக்கரமும் எதிரெதிராகச் சுழன்றால் நிரலை மாற்ற வேண்டாம். தவறாகச் சுழலும் மோட்டாரின் இரண்டு வயரை இடம் மாற்றினால் போதும்.

சரி, இப்போது தரையில் விடுங்கள். நேராகப் போகாது. ஒரே பெட்டியில் வந்த இரண்டு மோட்டார்கூட ஒரே வேகத்தில் சுழலாது. நிரலில் வேகத்தின் எண் 0 முதல் 255 வரை என்பதால், வேகமான பக்கத்தை 200, 195, 190 என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். ரொம்பக் குறைத்தால் மோட்டார் ரீங்காரம் மட்டும் போடும், நகராது. எந்த எண்ணில் நகரத் தொடங்குகிறது என்று குறித்துவையுங்கள்.

படி 5: கண்

சென்சாரின் டிரிக் பின்னுக்கு 10 மைக்ரோ நொடி துடிப்பு கொடுத்தால் அது 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பும். ஒலி போய்த் திரும்ப எடுத்த மைக்ரோ நொடிகளை 58-ஆல் வகுத்தால் சென்டிமீட்டர். 1160 வந்தால் தடை 20 சென்டிமீட்டரில் இருக்கிறது.

காத்திருக்கும் நேரத்துக்கு 25,000 மைக்ரோ நொடி என்று வரம்பு வையுங்கள். அதற்குள் எதிரொலி வராவிட்டால் நேரத்தை அளக்கும் பல்ஸ்இன் கட்டளை 0 தரும். அதை “மூக்கில் இடிக்கிறது” என்று எடுத்துக்கொண்டால், வெட்டவெளியில் வண்டி பயந்து பின்வாங்கும். 0 என்றால் வழி காலி என்று எழுதுங்கள். மெத்தை, திரைச்சீலை போன்றவை ஒலியை உறிஞ்சிவிடும் என்பதால் அவற்றில் முட்டத்தான் செய்யும்.

தடை 20-க்குள் வந்தால் நில், கொஞ்சம் பின்னால் போ, திரும்பு. எப்போது மறுபடி முன்னால் போவது? அதையும் 20 என்றே வைத்தால் எல்லைக்கோட்டில் நின்று தள்ளாடும். 30 ஆகும்வரை திரும்பச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் திரும்புவது என்பதை ஒவ்வொரு முறையும் குலுக்கிப் போடாதீர்கள். சுவர் மூலையில் மாட்டினால் இடம், வலம், இடம் என்று தலையாட்டிக்கொண்டே நிற்கும். ஒரு பக்கம் திரும்ப ஆரம்பித்தால் வழி கிடைக்கும்வரை அதே பக்கம் என்று வைத்த பிறகுதான் என் வண்டி கட்டிலுக்கு அடியிலிருந்து தானாக வெளியே வந்தது.