லேப்டாப் சூடாகிறதா? காற்றின் வழியை அடைக்கும் தவறுகள்

ப்ராசஸர் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. செம்புக் குழாய்கள் அந்தச் சூட்டை, அதை வாங்கிப் பரப்பும் உலோக அமைப்பான ஹீட் சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்குக் கொண்டுபோகின்றன. ஃபேன் அதை ஊதி வெளியே தள்ளுகிறது. ஆகவே காற்று உள்ளே நுழைய வேண்டும், தகடுகளுக்கு இடையே புகுந்து போக வேண்டும், கீல் பக்கமோ விளிம்பிலோ வெளியேற வேண்டும். இந்த மூன்றில் ஒன்று அடைபட்டாலும் மற்ற இரண்டால் ஈடுகட்ட முடியாது.

முதலில் நுழைவு வழி. பெரும்பாலான லேப்டாப்கள் அடிப்பக்கத் துளைகள் வழியாகத்தான் காற்றை இழுக்கின்றன. கீழே ஒட்டியிருக்கும் ரப்பர் கால்கள் சில மில்லிமீட்டர் உயரமே இருக்கும். அந்தச் சின்ன இடைவெளியை நம்பித்தான் முழு ஏற்பாடும் இருக்கிறது. மெத்தை மேல் வைத்தால் கால்கள் அமுங்கிப்போகும், துணி துளைகளோடு ஒட்டிக்கொள்ளும், ஃபேன் வெறுமனே சுற்றி இரைச்சல் போடும். மடியில் வைத்தாலும் இதே கதிதான். மணிக்கணக்கில் அப்படியே உட்கார்ந்து பழகினால் தொடைத் தோலில் வலை பின்னியதுபோல் நிறம் மாறவும் வாய்ப்புண்டு. படுக்கையில்தான் வேலை என்றால் அடியில் ஒரு பலகை கொடுங்கள். மேசையில் வைக்கும்போது பின்விளிம்பை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தூக்கி வைத்தால் போதும். இரண்டு சிறு மரக்கட்டைகளே அதைச் செய்துவிடும், அவை துளைகளை மறைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளியேறும் பக்கம் சுவரை ஒட்டி இருந்தால் ஊதிய சூடான காற்றே திரும்ப உள்ளே போகும். ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள்.

கையை வைத்துப் பார்த்து "கொதிக்கிறது" என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. வெளி உறை சூடாக இருப்பது, சூடு வெளியே வருகிறது என்பதற்கும் அடையாளம்தான். விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் ப்ராசஸரின் வெப்பத்தைக் காட்டாது. எச்டபிள்யூஇன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருளில் பாருங்கள். சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி செல்சியஸ், கனமான வேலையின்போது 80 முதல் 90 வரை என்றால் கவலை வேண்டாம். பல ப்ராசஸர்களுக்கு 95 முதல் 105 டிகிரிக்குள் ஓர் எல்லை உண்டு. அதைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வீடியோ அழைப்பு பத்து நிமிடத்தில் திக்கத் தொடங்குவதற்குப் பல சமயம் இதுதான் காரணம், இணையம் அல்ல.

தூசி விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். வெளியே துளைகளைத் துடைத்தால் பளிச்சென்று இருக்கும். உள்ளே ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில், கண்ணுக்கே தெரியாத இடத்தில், நூலும் முடியும் தூசியும் சேர்ந்து சாம்பல் நிறக் கம்பளித் துண்டுபோல் படிந்திருக்கும். சோதிக்க எளிய வழி: டிஷ்யூ காகிதத்தில் விரலகலத்துக்கு ஒரு கீற்றைக் கிழித்து, ஃபேன் வேகமாகச் சுற்றும்போது காற்று வெளிவரும் வாயில் பிடியுங்கள். காகிதம் படபடத்து விலகினால் வழி திறந்திருக்கிறது. இரைச்சல் மட்டும் பெரிதாக இருந்து காகிதம் அசையவே இல்லையென்றால் உள்ளே அடைப்பு.

அந்த அடைப்பை வெளியிலிருந்து ஊதி எடுக்க முயலாதீர்கள். வெளியேறும் வாயில் ஊதினால் படிந்தது பிய்ந்து ஃபேனுக்குள்ளேயே விழும். அடியிலிருந்து ஊதினால் தகடுகளில் இன்னும் இறுகும். முறையான வழி, லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பையும் பிரித்த பிறகு சுத்தம் செய்வது. ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் ஊதினால் அது தன் வேக எல்லையை மீறிச் சுற்றி பேரிங் கெடும். அழுத்தக் காற்று டப்பாவை நிமிர்த்தியே பிடித்து, விட்டுவிட்டு அடிக்க வேண்டும். சாய்த்தால் திரவமாகவே பீய்ச்சும். வீட்டு வாக்குவம் கிளீனர் வேண்டாம், அதன் முனையில் சேரும் நிலைமின்சாரம் போர்டைப் பதம் பார்க்கலாம்.

தூசி எடுத்தும் சூடு குறையவில்லை, லேப்டாப் வாங்கி மூன்று, நான்கு வருடம் ஆகிவிட்டது என்றால் தெர்மல் பேஸ்ட் (ப்ராசஸர் சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் பசை) காய்ந்திருக்கலாம். இங்கே நடக்கும் தவறு, பழையதைச் சரியாக எடுக்காமல் புதியதை மேலே அப்புவது. ஹீட் சிங்க்கின் திருகுகளுக்கு அருகே பெரும்பாலும் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். கழற்றும்போது கடைசி எண்ணிலிருந்து 1 வரை, மாட்டும்போது 1இலிருந்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரு மூலையை மட்டும் முழுதாக இறுக்கினால் சிப்பின் விளிம்பு உடையலாம். பழைய பேஸ்ட்டை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பெரும்பாலான லேப்டாப் சிப்புகளுக்கு மேல் உலோக மூடி கிடையாது, ஆகவே பளபளக்கும் பரப்பு முழுவதையும் மெல்லிய படலமாக மூட வேண்டும். பக்கத்து மெமரி சிப்புகளின் மேல் இருக்கும், சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டையான தெர்மல் பேடைக் கிழிக்காதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் அதே தடிமனில் மாற்றுங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட் சிங்க் ப்ராசஸரில் சரியாக உட்காராது. பேஸ்ட்டுக்குப் பதிலாகச் சிலர் பூசும் திரவ உலோகமான லிக்விட் மெட்டல் மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். பழக்கமில்லாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

லேப்டாப்புக்கு அடியில் வைக்கும், ஃபேன் பொருத்திய கூலிங் பேட் வாங்குவதற்கு முன் லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள். பேடின் ஃபேன்கள் அடித்துளைகளுக்கு நேராக அமைந்தால் ஓரளவு பயன் உண்டு. அடியில் துளையே இல்லாத மாடலுக்குப் பலன் சொற்பம். ஃபிரிட்ஜில் வைப்பதும் ஐஸ் பையின் மேல் வைப்பதும் கூடவே கூடாது, குளிர்ந்த பாகங்களில் ஈரம் பனித்து ஷார்ட் ஆகும்.

சூட்டை வெளியேற்றுவதைப் பற்றியே யோசித்து, அது உண்டாகும் இடத்தை மறந்துவிடுகிறோம். டாஸ்க் மேனேஜரில் சிபியு தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்துங்கள். எதையும் செய்யாதபோதே 20, 30 சதவீதம் ஓடினால் ஏதோ ஒரு பிரவுசர் தாவலோ தானே தொடங்கிய செயலியோ பின்னால் வேலை செய்கிறது. விண்டோஸ் பவர் பிளானின் மேம்பட்ட அமைப்பில் ப்ராசஸரின் அதிகபட்ச நிலையை 100இலிருந்து 99 ஆக்கினால் பல மாடல்களில் டர்போ (ப்ராசஸர் தேவைப்படும்போது தன் வேகத்தைக் கூட்டிக்கொள்வது) நின்று, வெப்பம் கண்கூடாக இறங்கும். எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் அந்த வேகம் தேவைப்படாது. சில மாடல்களில் இந்த வரி மறைந்திருக்கும், அங்கே பவர் மோடைக் குறைத்தால் போதும்.

மூடியை மூடிய கையோடு பைக்குள் போடுவதும் வழக்கமாகிவிட்டது. ஸ்லீப்பில் இருக்கும் லேப்டாப் அப்டேட்டுக்காக விழித்துக்கொண்டால், காற்றே இல்லாத பைக்குள் வேகும். பயணம் என்றால் ஹைபர்னேட் (திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு அணைவது) செய்யுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள்.

இந்தச் சூட்டில் முதலில் அடிபடுவது பேட்டரி. முழு சார்ஜும் வெப்பமும் சேர்ந்தால் லித்தியம் அயான் செல் சீக்கிரம் மூப்படையும். எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருப்பவர்கள் தயாரிப்பாளர் தரும் செயலியில் 80 சதவீத வரம்பைப் போட்டுவிடுங்கள். டச்பேட் மேலெழும்பினாலோ, அடிமூடி பிதுங்கி லேப்டாப் மேசையில் ஆடினாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று பொருள். உடனே சார்ஜரைப் பிடுங்கி அணைத்துவிடுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். அந்த பேட்டரியை மாற்றும்வரை லேப்டாப்பை மறுபடி ஆன் செய்யாதீர்கள்.