காலைல கிரேன ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்

பர்கூர் பக்கம் கிரானைட் யார்டுலயும் ஓசூர் சிப்காட்லயும் ஹைட்ரா (லோட தூக்கிட்டே நகர்ற சின்ன கிரேன்), மொபைல் கிரேன் ஓட்டுற தம்பிங்களுக்காக எழுதுறேன். 12 மாசத்துக்கு ஒரு தடவையாவது காம்பிடன்ட் பர்சன், அதாவது கிரேன சோதிக்க அங்கீகாரம் உள்ள ஆளு, வந்து முழுசா பாக்கணும், அது தனி, தினமும் காலைல ஒரு அரை மணி நேரம் நீங்க பாக்குறதுதான் இது. லோடு லாரி வந்து நிக்குது சீக்கிரம் வான்னு மேஸ்திரி கத்துனாலும் இத விட்றாதீங்க.

மொதல்ல ரோப். நம்மூர் கல்லுத் தூசி கிரீஸோட சேந்து ரோப் மேல மாவு மாதிரி அப்பிக்கும், அதனால சும்மா கண்ணால பாத்தா ஒன்னும் தெரியாது, பிரஷ் போட்டு தொடச்சிட்டு, வண்டி ஆடாம நிக்கும்போது தோல் கிளவுஸ் போட்டுட்டு பழைய காட்டன் துணியால புடிச்சு மெதுவா இழுத்துட்டே போங்க, கம்பி அறுந்திருந்தா துணி மாட்டும். பல கம்பிய முறுக்குனது ஒரு இழை, அந்த மாதிரி ஒரு இழை ரோப்ப ஒரு முழு சுத்து சுத்தி வர்ற நீளத்த ஒரு லேன்னு சொல்வாங்க, 16 எம்எம் ரோப்புல அது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். அதுக்குள்ள 6 கம்பி, இல்ல ஒரே இழையில 3 கம்பி அறுந்திருந்தா ரோப்ப மாத்தியே ஆகணும். வெர்னியர் வச்சு அளந்து பாருங்க, 16 இருக்கவேண்டியது 15.2க்கு கீழ போயிருந்தாலும் மாத்தணும். ரோப் முனைய ஆப்பு வச்சு இறுக்கிப் புடிக்கிற வெட்ஜ் சாக்கெட் பக்கம்தான் நெறைய பேரு பாக்குறதில்ல. ஒருதடவ நான் ஹெல்பரா இருந்தப்ப அந்த எடத்துல துணி மாட்டுச்சு, தொடச்சு பாத்தா நாலு கம்பி போயிருந்துச்சு, மொத நாள் சாயங்காலம் வரைக்கும் அதுலதான் கல்லு பிளாக் தூக்கிட்டு இருந்தோம், எனக்கு கை நடுங்கிருச்சு.

அப்பறம் கொக்கி. வாய் விரிஞ்சிருக்கா, முறுக்கிட்டு இருக்கா, விரிசல் இருக்கா, கொக்கி வாய அடைக்கிற லாட்ச் ஸ்பிரிங்ல தானா மூடுதான்னு பாருங்க. லாட்ச் போனதுக்கு கட்டுக்கம்பி கட்டி ஓட்டுறத நான் நெறைய எடத்துல பாத்திருக்கேன், தயவுசெஞ்சு பண்ணாதீங்க. லோடு கட்டி தூக்குற பெல்ட்டுல வெட்டு இருந்தா தூக்கி போட்ருங்க, கிரானைட் முனை பிளேடு மாதிரி, அடியில பழைய டயர் துண்டு குடுக்காம கட்டவே கூடாது.

ஹைட்ராலிக் ஹோஸ்ல ஆயில் கசிவ கையால தடவி பாக்காதீங்க, ஊசி ஓட்டை வழியா வர்ற ஆயில் தோலுக்குள்ள போயிரும், அட்டைய காட்டுங்க. டயர் காத்து, பிரேக், ஹாரன் எல்லாம் வழக்கம்போல. கொக்கி ரொம்ப மேல போகாம நிறுத்துற லிமிட் சுவிட்ச்ச லோடு இல்லாம மெதுவா கொக்கிய ஏத்தி பாருங்க, கட் ஆகலன்னா அன்னிக்கு வண்டி நிக்கட்டும். மொத லோட ஒரு சாண் மட்டும் தூக்கி ரெண்டு நிமிஷம் வச்சு பாருங்க, தானா எறங்குனா பிரேக்லயோ சிலிண்டர்லயோ கோளாறு இருக்கு.

வெயிட்டு வெசயத்துல யாரு வார்த்தையையும் நம்பாதீங்க, டேப் எடுத்து அளங்க. நம்ம கருப்பு கிரானைட் கன மீட்டருக்கு ஏறக்குறைய 3 டன், அப்ப 2 மீட்டர் நீளம், 1 அகலம், 1 உயரம் கல்லே 6 டன் வருது. 14 டன் ஹைட்ரான்னா 14 டன்னும் பூம் (கிரேனோட நீட்டு கை) கிட்டக்க இருக்கும்போது மட்டும்தான், பூம் நீள நீள கொறையும், தூக்கிட்டே வண்டிய ஒடிச்சு திருப்புனா இன்னும் கொறையும், கேபின்ல ஒட்டிருக்குற லோடு சார்ட்ட படிங்க. அவுட்ரிகர் (பக்கவாட்டுல நீட்டி ஊன்ற கால்) வண்டின்னா ஜாக்குக்கு அடியில கட்டை போடுங்க, மழை பேஞ்ச செம்மண்ணுலயும் புதுசா கொட்டுன மண்ணுலயும் கால் எறங்கும். மேல கரண்ட் கம்பி போனா 11 கேவி லைனுக்கு கொறஞ்சது 3 மீட்டர் தள்ளி, ரோப், லோடு எல்லாத்தையும் சேத்து கணக்கு போடுங்க.

ஏதாவது கோளாறு பாத்தா சாவிய எடுத்து பாக்கெட்ல போட்டுட்டு, ஸ்டியரிங்ல அட்டை மாட்டி, லாக் புக்குல தேதி நேரத்தோட எழுதி சூப்பர்வைசர் கிட்ட கையெழுத்து வாங்கிக்கங்க.