பழைய ஆங்கிலத்தில் நைட்டும் நெட்டும்: படிப்பவர்கள் வழுக்கும் இடங்கள்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கில நற்செய்திகளில் இயேசுவின் சீடருக்கு 'லெயோர்னிங்க்னிஹ்ட்' என்று பெயர். முன்பாதி இன்றைய 'லேர்னிங்', பின்பாதி இன்றைய 'நைட்', அதாவது கவசம் பூண்ட குதிரைவீரன். கலிலேயாக் கடலோரத்தில் பேதுருவும் அந்திரேயாவும் எதை விட்டுவிட்டு இயேசுவின் பின்னே போனார்கள் என்று பார்த்தால், அங்கே 'நெட்' என்ற சொல் நிற்கிறது. இன்றைய அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பவருக்கு, பயிற்சியில் இருக்கும் கவச வீரர்கள் மீன்வலையை வீசிவிட்டுப் போகும் விநோதக் காட்சிதான் கிடைக்கும்.

எம்.ஏ. ஆங்கிலம் படிப்பவர்களும் இடைக்கால இலக்கியத்தைத் தமிழுக்குக் கொண்டுவர விரும்புபவர்களும் இந்த இரு சொற்களிலும் தொடர்ந்து இடறுகிறார்கள். காரணம் எளிது. சொல் மாறவில்லை, பொருள் நகர்ந்துவிட்டது. தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுகிறோம்; தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

அதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம். ஷேக்ஸ்பியரின் ஆங்கிலத்தைப் பலர் பழைய ஆங்கிலம் என்றே சொல்வார்கள். அது பழைய ஆங்கிலம் அல்ல. கவிஞர் சாசரின் ஆங்கிலமும் அல்ல. ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1100 வரை வழங்கியதுதான் பழைய ஆங்கிலம். 14ஆம் நூற்றாண்டுச் சாசர் எழுதியது இடைக்கால ஆங்கிலம். ஷேக்ஸ்பியர் எழுதியது நவீன ஆங்கிலத்தின் தொடக்கம். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் கீழே சொல்லப்போகும் எதுவும் பிடிபடாது.

பையனுக்குக் கவசம் மாட்டிவிடாதீர்கள்

பழைய ஆங்கிலத்தில் 'க்னிஹ்ட்' என்றால் பையன், இளைஞன், ஏவல் செய்பவன். அவ்வளவுதான். சீடன் 'கற்கும் பையன்' ஆனது அப்படித்தான். ஜெர்மனில் இதன் உடன்பிறப்பான 'க்னெக்ட்' இன்றும் வேலையாள் என்ற பொருளிலேயே இருக்கிறது. கவச வீரனுக்கு ஜெர்மானியர்கள் சவாரி செய்பவன் என்ற பொருளுடைய 'ரிட்டர்' என்ற வேறு சொல்லை வைத்துக்கொண்டார்கள்.

பேயோவுல்ஃப் என்ற வீரனைப் பாடும் பழைய ஆங்கிலக் காவியமான 'பேயோவுல்ஃபில்' இதை நேராகவே பார்க்கலாம். டென்மார்க் அரசன் ஹ்ரோத்கார், வந்திருக்கும் பேயோவுல்ஃபைத் தனக்கு முன்பே தெரியும் என்கிறான். எப்போதிருந்து? அவன் 'க்னிஹ்ட்வெசெண்டெ' ஆக இருந்தபோது. 'நைட்டாக இருந்தபோது' என்று எழுதினால் அரசன் சொல்லவந்ததே கவிழ்ந்துவிடும். 'சிறு பையனாக இருந்தபோதே அறிவேன்' என்பதுதான் பேச்சு. பின்னால் பேயோவுல்ஃப் தானும் இளவயதுத் தோழன் பிரேக்காவும் கடலில் இறங்கிய கதையைச் சொல்லும்போதும் இதே சொல்லைத்தான் எடுக்கிறான். சின்ன வயதில் வீம்புக்குச் செய்தோம் என்ற தொனி அதில் இருக்கிறது.

பேயோவுல்ஃபில் இந்தத் தவறைச் செய்வது கடினம், இடமே காட்டிக்கொடுத்துவிடும். உண்மையான பொறி எஸெக்ஸில் 991இல் நடந்த மால்டன் போரைப் பற்றிய கவிதையில் இருக்கிறது. தொடக்கத்தில் ஓர் இளைஞன் கையில் இருந்த அருமைப் பருந்தைக் காட்டை நோக்கிப் பறக்கவிட்டுப் போருக்கு நடக்கிறான். இந்த 'க்னிஹ்ட்' போரில் தளரமாட்டான் என்பது அதிலிருந்து தெரிந்தது என்கிறது கவிதை. பருந்து இருக்கிறது, போர் இருக்கிறது, சற்றுமுன் குதிரைகளும் வந்து போயின. நைட் என்று மொழிபெயர்க்கக் கை தானாக நீளும். நீளக்கூடாது. அதே கவிதையில் தலைவன் பிர்ட்நோத் காயம்பட்டதும், அவன் உடலில் தைத்த குருதி தோய்ந்த ஈட்டியைப் பிடுங்கி எதிரி மீதே திருப்பி எறிகிறானே வுல்ஃப்மேர், அவனும் 'போர்க்களத்து க்னிஹ்ட்'தான். அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே 'முழுதாக வளராத பிள்ளை' என்றும் கவிஞர் சொல்லிவிடுகிறார். அவனை நைட் ஆக்குகிறவர் அந்தக் காட்சியின் உயிரையே எடுத்துவிடுகிறார். மீசை அரும்பாத பையன் செய்ததால்தான் அது கவிதையில் இடம்பெற்றது.

அப்படியானால் வீரனுக்கு என்ன சொன்னார்கள்? சொற்களுக்குப் பஞ்சமில்லை: தெய்ன், எயோர்ல், ரிங்க், கெம்பா, ஹேலத் என்று வரிசையாக வரும். அந்த வரிசையில் க்னிஹ்டைச் சேர்க்காமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பொருள் மாறியது 1066இல் நார்மன்கள் வந்த பிறகு. ஆனால் ஒரே இரவில் அல்ல. ஆங்கிலோ-சாக்சன் காலவரிசைக் குறிப்பில், 1086இல் வெஸ்ட்மின்ஸ்டரில் மன்னன் வில்லியம் தன் மகன் ஹென்றிக்கு வீரப்பட்டம் சூட்டிய செய்தி இருக்கிறது. அங்கே எழுத்தர் பயன்படுத்திய சொல் 'ரீடெரெ', அதாவது சவாரி செய்பவன். க்னிஹ்ட் என்று எழுத அவருக்கு இன்னும் மனம் வரவில்லைபோலும். அரசன் மகனை ஏவலாள் என்று சொல்வானேன்! பிரபுக்களின் வீட்டில் தங்கி அவர்களுக்காக ஆயுதம் ஏந்தியவர்களை ஆங்கிலேயர் தம் சொல்லால் க்னிஹ்ட் என்று அழைக்க அழைக்கத்தான், பிரபுவின் ஆள் என்ற பொருளிலிருந்து குதிரையேறிப் போரிடும் ஆள் என்ற பொருளுக்குச் சொல் ஏறியது.

தமிழ் வாசகருக்கு இது புதிராக இருக்க வேண்டியதில்லை. 'சேவகன்' என்ற சொல்லைப் பாருங்கள். பக்தி இலக்கியத்தில் வீரன், பணியாள் என்று இரண்டு பொருளிலும் அது வரும். தமிழ் விவிலியத்தின் 'போர்ச்சேவகர்' இன்றும் படைவீரர்தான். ஏவலும் வீரமும் ஒரே சொல்லில் குடியிருப்பது எங்கும் நடப்பதே. ஆனால் எந்த நூற்றாண்டில் எது மேலே நிற்கிறது என்று பார்க்காமல் மொழிபெயர்க்க முடியாது.

இடப்பெயர்களிலும் இந்தக் கோளாறு உண்டு. லண்டனின் நைட்ஸ்பிரிட்ஜுக்கு, இரண்டு நைட்டுகள் பாலத்தின் மேல் மோதிக்கொண்டதால் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அந்தப் பெயர் 11ஆம் நூற்றாண்டிலேயே பதிவாகிவிட்டது. இளைஞர்களின் பாலம் அல்லது ஏவலாட்களின் பாலம் என்று கொள்வதே காலத்தோடு பொருந்தும்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வரி: அன்று க-வும் ஒலித்தது, ஹ-வும் ஒலித்தது. இரவைக் குறிக்கும் 'நிஹ்ட்' வேறு, இது வேறு. இன்று இரண்டும் ஒன்றாக ஒலிப்பதை வைத்துச் சிலேடை செய்யலாம், சொற்பிறப்பு எழுத முடியாது. பின்னுவதைக் குறிக்கும் 'நிட்' என்ற சொல்லையும் இதோடு கோர்க்க வேண்டாம். அது முடிச்சைக் குறிக்கும் 'நாட்' என்ற சொல்லின் குடும்பம்.

கவசத்தை மீன்வலை ஆக்காதீர்கள்

இனி நெட். இங்கே தவறு நேர்மாறானது. க்னிஹ்டில் இல்லாத கவசத்தை மாட்டுகிறோம். நெட்டில் இருக்கும் கவசத்தைக் கழற்றிவிடுகிறோம்.

பேயோவுல்ஃப் ஹ்ரோத்காரின் அவையில் வாய்திறக்கும் இடத்தில், அவன் மேல் மின்னிய கவசம் 'செயரோநெட்' எனப்படுகிறது: கொல்லனின் மதிநுட்பத்தால் தைக்கப்பட்ட கைவினை வலை. இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த மேலங்கிதான் இந்த வலை. காவியம் முழுக்க இதன் உறவுகள் வருகின்றன. ஹ்ரிங்நெட் என்றால் வளைய வலை. ஹெரெநெட் என்றால் படை வலை. பிரெயோஸ்ட்நெட் என்றால் மார்பு வலை. ஏரியின் அடியில் கிரெண்டெல் என்ற அரக்கனின் தாய் பேயோவுல்ஃபின் மேல் அமர்ந்து கத்தியை ஓங்குகிறாள். தோளில் கிடந்த பின்னிய மார்பு வலை அவன் உயிரைக் காத்தது என்கிறது கவிதை. மீன்பிடிக்கும் வலையை அவன் தோளில் போட்டுக்கொண்டு போனான் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்தான். ஆனால் 'கவசம்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்ளும் மொழிபெயர்ப்பும் பாதி இழப்பே. வலை, பின்னல், தையல் என்ற கைவேலைச் சொற்களால் இரும்பைப் பேசியதுதான் அந்தக் கவிஞர்களின் கெட்டிக்காரத்தனம்.

அது வெறும் அலங்காரமும் அல்ல. இடைக்கால ஐரோப்பாவில் பரவலாக இருந்த முறையில், ஒவ்வொரு வளையமும் அக்கம்பக்கத்து நான்கு வளையங்களுக்குள் நுழைந்து நிற்கும். யார்க் நகரின் காப்பர்கேட்டில் 1982இல் கிடைத்த 8ஆம் நூற்றாண்டுத் தலைக்கவசத்தின் பின்புறம், கழுத்தை மறைக்க இப்படிப்பட்ட வளையப் பின்னல் ஒன்று திரைபோல் தொங்குகிறது. அதைப் படத்தில் பார்த்தவர் 'வலை' என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்கமாட்டார். சட்டன் ஹூ என்ற ஆங்கிலோ-சாக்சன் புதைமேட்டில் 1939இல் தோண்டி எடுத்த மேலங்கியோ துருப்பிடித்து ஒரே கட்டியாகிவிட்டது.

பின்னுவதற்கான வினைச்சொல் 'பிரெக்டன்'. காவியத்தில் கவசம் பின்னியதும் இந்த வினையால்தான். துறவி ஏல்ஃப்ரிக் மாணவர்களுக்கு எழுதிய லத்தீன் உரையாடல் பாடத்தின் வரிகளுக்கிடையே யாரோ பழைய ஆங்கிலத்தில் பொருள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதில் வேட்டைக்காரன் வலை பின்னுவதும் இதே வினையால்தான். அவன் வலைக்குச் சொல்லும் பெயர் 'மக்ஸ்'. மான், காட்டுப்பன்றி, சில வேளைகளில் முயல் என எல்லாம் அதில் சிக்கும். வலை என்றாலே நீர் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் இங்கேயும் உதவாது. மீனவனும் அதே உரையாடலில் மக்ஸ் வீசுகிறான். திமிங்கிலம் பிடிக்கப் போவாயா என்று கேட்டால் மட்டும் வேண்டாம் என்கிறான், உயிர்மேல் ஆசை உள்ள மனிதன்.

இன்னொரு சிக்கல் 'செயரோ' என்ற முன்னொட்டில் இருக்கிறது. திறமை என்றும் பொருள், தந்திரம் என்றும் பொருள். பேயோவுல்ஃபில் கொல்லன் தைக்கும் செயரோநெட் கவசம். ஆண்ட்ரியாஸ் என்ற சமயக் கவிதையில் பகைவர்கள் 'செயரோநெட் தைக்கிறார்கள்' என்றால் அது சதி. சொல்லும் அதே, வினையும் அதே. ஒன்று உயிரைக் காப்பது, மற்றது உயிரை வாங்குவது. பேயோவுல்ஃபிலேயே உறவினன் உறவினனுக்கு 'இன்விட்நெட்' பின்னக்கூடாது என்று ஓர் அறிவுரை வருகிறது. இதற்குத் தமிழில் தேடவே வேண்டாம்: சதிவலை. கிடைத்த இடத்தில் நம் சொல்லைத் தாராளமாகப் போடலாம். ஆனால் அகராதியில் முதலில் கண்ட பொருளை எல்லா இடத்துக்கும் இழுத்துக்கொண்டு போகக்கூடாது.

மெயில் படுத்தும் பாடு

பிற்காலத்தில் ஆங்கிலேயர் இந்த வலைக்கவசத்துக்குப் பிரெஞ்சிலிருந்து 'மெயில்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அதன் லத்தீன் மூலமான 'மக்குலா' புள்ளியையும் வலைக்கண்ணையும் குறிக்கும். வந்த சொல்லும் வலைதான் என்பதைக் கவனியுங்கள். இடைக்காலத்தவர் வெறும் மெயில் என்றே சொன்னார்கள். முன்னால் 'செயின்' சேர்த்தது மிகவும் பிந்திய காலத்துப் பழக்கம். அதைப் பார்த்து நாமும் 'சங்கிலிக் கவசம்' என்று எழுதுகிறோம். சங்கிலி ஒரு கோடாகத்தான் போகும், துணிபோல் விரியாது. வளையக் கவசம் அல்லது வலைக்கவசம் என்பதே என் பரிந்துரை.

அஞ்சலைக் குறிக்கும் மெயில் வேறு சொல். பையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பிளாக்மெயிலில் இருப்பது மூன்றாவது மெயில், ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியில் வரியையும் வாடகையையும் குறித்தது. கறுப்புக் கவசம் என்று யாராவது சொற்பிறப்புக் கட்டுரை எழுதினால் நம்பாதீர்கள்.

சாசர் 'கான்டர்பரி கதைகளில்' தன் நைட்டை அறிமுகப்படுத்தும்போது சொல் தன் புது உயரத்தில் நிற்கிறது. இங்கே தயங்காமல் 'வீரப் பெருந்தகை' என்று எழுதலாம். ஆனால் அவனுடைய முரட்டுத் துணி அங்கி கவசத்தின் கறை பட்டு அழுக்காக இருக்கிறது என்றும் சாசர் சொல்கிறார். அதையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டும். பளபளக்கும் தகட்டுக் கவசத்தைப் பிற்கால ஓவியங்களிலிருந்து கொண்டுவந்து அவனுக்கு மாட்டிவிடுபவர்கள் அந்தக் கறை எப்படி வந்தது என்று சொல்ல முடியாமல் திண்டாடுவார்கள்.

கடைசியாக ஷேக்ஸ்பியரின் 'டாயில்'. கிளியோபாட்ரா இறந்துகிடக்கும் இடத்தில், இன்னோர் ஆண்டனியைத் தன் 'டாயிலில்' பிடிக்கப் போகிறவள்போல் இருக்கிறாள் என்று ஆக்டேவியஸ் சீசர் சொல்வான். கடும் உழைப்பைக் குறிக்கும் டாயில் அல்ல அது. துணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த வேட்டை வலை. 'அழகின் உழைப்பு' என்று எழுதியவர் உடனே திருத்திக்கொள்ளலாம். பழைய ஆங்கிலத்துக்குப் பாஸ்வொர்த்-டாலர் அகராதி, சாசருக்கு இடைக்கால ஆங்கில அகராதி, ஷேக்ஸ்பியருக்கு ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி என்று காலத்துக்கேற்ற நூலைத் திறந்தால் போதும். மூன்றும் இணையத்தில் இருக்கின்றன. கடைசியதற்கு மட்டும் சந்தா கேட்பார்கள்.