எழுத்து முடியாத சோடிக்கு வீடு வாடகைக்குக் கொடுப்பது எப்படி?

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் வேலை மாற்றலாகி வந்து வீடு தேடுகிறவர்களில், கலியாண எழுத்து முடியாமல் சேர்ந்து இருக்கிற சோடிகளும் உண்டு. தாலி இருக்கோ இல்லையோ என்று அயல் கதைக்கட்டும். வீட்டுக்காரர் யோசிக்க வேண்டியது, ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் மிச்ச வாடகை யார் தலையில் என்பதை.

1. முதலில் உங்கள் காணியைப் பாருங்கள். வன்னியில் பெர்மிட் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகள், நிறைய. உங்களுடையதும் அப்படியென்றால், பிரதேச செயலகத்தில் கேட்காமல் குத்தகைக்குக் கொடுக்க வெளிக்கிடாதீர்கள்.

2. இரண்டு பேரின் அடையாள அட்டைப் பிரதி, ஊர் முகவரி, வேலையிடம் மூன்றையும் வாங்குங்கள். கலியாணச் சான்றிதழ் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

3. இதுதான் முக்கியம். இரண்டு பேரும் வாடகையாளராகக் கையெழுத்து வைக்க வேண்டும். "தம்பி வைத்தால் காணும், பெண்பிள்ளை கூடத்தானே இருக்கும்" என்று விட்டால், தம்பி போன பிறகு அந்தப் பெண்பிள்ளையிடம் கேட்க உங்கள் கையில் கடதாசி இராது. இரண்டு கையெழுத்து மட்டும் இருந்தாலும் போதாது. எங்கள் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டப்படி, வேறாக எழுதாவிட்டால் சேர்ந்து கடன்பட்டவர்கள் அவரவர் பங்குக்குத்தான் பொறுப்பு. வாடகை 30,000 ரூபா என்றால், மிஞ்சி இருப்பவரிடம் 15,000 மட்டுமே கேட்கலாம். அதனால் ஒப்பந்தம் எழுதும் நொத்தாரிசிடம் இந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "வாடகையாளர் இருவரும் முழு வாடகைக்கும் சேதத்துக்கும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவர்."

4. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோடு எழுத வேண்டும். 1840இன் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் கேட்பது அதைத்தான். கடையில் விற்கிற படிவத்தை நிரப்பி வைத்துக்கொண்டு வழக்குக்குப் போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

5. முற்பணப் பற்றுச்சீட்டில் இரண்டு பெயரும் போடுங்கள். ஒருவர் இடையில் விலகினால், முற்பணத்தில் பாதியை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். வீடு முழுதாகக் கைக்கு வந்த பிறகே காசு என்றும், விலகுகிறவர் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றும், மற்றவர் தனியே இருக்க விரும்பினால் புது ஒப்பந்தம் எழுத வேண்டும் என்றும் முதலே போட்டுவிடுங்கள்.

6. திறப்புக் கொடுக்கிற அன்று மின்மானி இலக்கம், கிணற்று மோட்டர், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் அவர்கள் முன்னாலேயே போனில் படமெடுத்து, இரண்டு பேருக்கும் வாட்சப்பில் அனுப்புங்கள்.